காருக்கு அட்டை போட்ட கதை!



வடாம் பிழிவது, பழைய பட்டுப்புடவையில் பாவாடை தைப்பது, பிள்ளைகளை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவது என்று எத்தனையோ அனுபவங்களை நீங்கள் எல்லோரும் எழுத, நான் படித்துப் பயன் அடைந்திருக்கிறேன். இப்போது நான் எழுதப்போவது காரைப் பற்றி. 'காரா? அது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நம் பிள்ளைகள் உட்காரும் இடத்தைப் பற்றிய ஒரு விஷயம் நடுவில் வருகிறது. அதைச் சொல்லத்தான் நான் பேனாவையே எடுத்தேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கல்யாணத்துக்கு முன் தையல் கற்றுக்கொண்டேன். இப்போதும் அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். என் கணவர் கோவையில் சொந்தமாக ஒரு கார் வைத்து டாக்ஸி ஓட்டுகிறார். 2018-ல் என் நகையில் பாதியை அடகு வைத்து முன்பணம் கட்டி, மீதிக்குக் கடன் போட்டு வாங்கிய வண்டி. கடைசித் தவணை கட்டி முடித்த அன்று வீட்டில் பாயசம் வைத்தேன். நகைகளும் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துவிட்டன, இரண்டு வளையல்களைத் தவிர!

வண்டியின் வெளித்தோற்றத்தை அவர் பளபள என்று வைத்திருப்பார். உள்ளேதான் அழகு போய்விட்டது. 2020-ல் கொரோனா வந்தபோது ஒவ்வொரு சவாரி முடிந்ததும் சானிடைசரைத் துணியில் நனைத்து, கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்ச் பட்டை, கியரைச் சுற்றியுள்ள பகுதி என்று எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்து எடுத்தார். உயிர் பயம்! ஆனால் அதில் இருக்கும் ஸ்பிரிட், பிளாஸ்டிக்கின் மேல் இருந்த வெள்ளி நிறப் பூச்சை மெல்ல மெல்லத் தின்றுவிட்டது. அப்புறம் ஏறியவர்கள் இறங்கியவர்கள் நகம் பட்டு, மோதிரம் பட்டு, செதில் செதிலாக உரிய ஆரம்பித்தது. சொறி பிடித்த மாதிரி இருந்தது என்றால் மிகையில்லை.

இந்த நிலையில்தான், ஒரு டிராவல்ஸ்காரர் மூலமாக ஒரு கம்பெனியின் ஊழியர்களை இரவில் வீட்டில் கொண்டுபோய் விடும் வேலை வருவதாக இருந்தது. மாதச் சம்பளம் போல நிரந்தர வருமானம். வண்டியைப் பார்க்க வந்தவர் எஞ்சின், டயர், பேப்பர் எல்லாம் பார்த்துத் திருப்திப்பட்டார். கதவைத் திறந்து உள்ளே பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். 'என்னங்க இது, தொட்டா கையில ஒட்டுது? பொம்பளைப் புள்ளைங்க ஏறி உட்கார்ற வண்டி. சரி பண்ணிட்டு எட்டு நாள்ல காட்டுங்க. இல்லீன்னா வேற வண்டி பார்த்துக்கறோம்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காந்திபுரம் பக்கம் கார் அலங்காரம் செய்யும் ஒரு கடையில் இவர் விசாரித்தார். உரிந்த இடமெல்லாம் 'கார்பன் ஃபைபர்' ஸ்டிக்கர் ஒட்டித் தர ஆறாயிரத்து ஐநூறு ரூபாய் கேட்டார்கள். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய மாதம் அது. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

'ஏனுங்க, அந்த ஸ்டிக்கர் மட்டும் தனியா விப்பாங்களா?' என்று கேட்டேன்.

'விப்பாங்க. ஒட்டறது ஆரு? நோட்டுக்கு அட்டை போடற மாதிரின்னு நினைச்சயா?'

அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்கோ, 'ஆமாம், அட்டை போடுகிற மாதிரிதானே!' என்று தோன்றிவிட்டது. வருஷா வருஷம் ஜூன் மாதம் மகளின் நோட்டுக்கெல்லாம் பிரவுன் ஷீட் அட்டை போடுவது யார்? ரவிக்கைக் கழுத்து வளைவைச் சுருக்கம் இல்லாமல் மடித்துத் தைப்பது யார்? மூலை மடிக்கவும் வளைவு திருப்பவும் தெரிந்த கைக்கு இது மட்டும் வராதா?

மறுநாள் நானே கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பியிடம், 'கார்பன்னா இரும்பை விட உறுதின்னு சொல்றாங்களே, இதை எப்படிக் கத்தரியில வெட்டறது?' என்று கேட்டேன். சிரித்துவிட்டான். 'அக்கா, இது வெறும் பிளாஸ்டிக் தாள். மேல டிசைன் மட்டும்தான் கார்பன். நிஜக் கார்பன்ல உங்க காருக்கு இத்தனையும் பண்ணணும்னா காரையே வித்தாலும் பத்தாது' என்றான்.

அப்படியானால் நிஜக் கார்பன் என்பதுதான் என்ன? இன்ஜினீயரிங் படிக்கும் என் அண்ணன் மகனைக் கேட்டேன். அவன் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஸ்வெட்டர் பின்ன நாம் அக்ரிலிக் நூல் வாங்குகிறோம் அல்லவா, கிட்டத்தட்ட அந்த வகை இழையில்தான் அது ஆரம்பிக்கிறதாம். அதை முதலில் இருநூறு முன்னூறு டிகிரியில் பக்குவமாகச் சூடாக்கி, பிறகு காற்றே படாத உலையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் காய்ச்சினால் மற்றதெல்லாம் போய்க் கரி மட்டும் நூலாக நிற்குமாம். நம் தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லிய நூல். அதைத் துணியாக நெய்து, பிசின் ஊற்றி இறுக வைத்தால் எடை குறைவாக, எஃகுக்குச் சவால் விடும் உறுதியோடு பலகை மாதிரி ஆகிவிடுகிறது. 1981-ல் மெக்லாரன் பந்தயக் காரின் உடற்கூட்டையே இதில் செய்தார்களாம். அதன் பிறகு ஃபார்முலா ஒன் கார் என்றாலே கார்பன்தான். 2005-ல் இந்தியாவிலிருந்து முதன்முதலாக அந்தப் பந்தயத்தில் ஓட்டிய நரேன் கார்த்திகேயன் எங்கள் கோவைக்காரர் ஆயிற்றே! செட்டிபாளையத்தில் கரி மோட்டார் பந்தய மைதானம் இருக்கும் ஊர். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு இந்தக் கறுப்புக் கட்டம் போட்ட டிசைன் மேல் இருக்கும் மோகத்துக்குக் கேட்கவா வேண்டும்!

அந்த டிசைனை உற்றுப் பார்த்தேன். எங்கேயோ பார்த்த நெசவு. என் அப்பா சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டியவர். ஊடை நூல் இரண்டு பாவுக்கு மேலே, இரண்டு பாவுக்குக் கீழே போய், ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நூல் தள்ளித் தள்ளி வந்தால் சாய்வாகப் படிக்கட்டு மாதிரி கோடு விழும். ட்வில் என்பார்கள். ஜீன்ஸ் துணியில் தெரியும் சாய்கோடும் அந்த ஜாதிதான். அட, நம்ம வீட்டுத் துணி! எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

பயம் போனது சரி, புத்தியும் கொஞ்சம் சேர்ந்தே போய்விட்டது. கடையில் இரண்டு வகை வைத்திருந்தார்கள். விலை குறைந்தது, இரண்டடிக்கு நாலடி 300 ரூபாய். இன்னொன்று சதுர அடி 90 ரூபாய். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருந்தன. மலிவானதை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பியூட்டி பார்லர் வைத்திருக்கும் பக்கத்துத் தெரு அக்காவிடம் முடி உலர்த்தும் டிரையரை இரவல் வாங்கினேன். மதியம் அவர் சாப்பிட்டுத் தூங்கும் நேரத்தில், வாசல் வேப்பமரத்தடியில் நின்ற வண்டியில் ஏறி, டிரைவர் கதவின் சுவிட்ச் பட்டை மேலேயே தாளை ஒட்டினேன். சூடு காட்டினால் தாள் ரப்பர் மாதிரி இளகி இழுபடுகிறது. அது ஒரு வேடிக்கையாக இருக்கவே இன்னும் சூடு, இன்னும் இழுப்பு! ஒட்டி முடித்ததும் அழகாகத்தான் இருந்தது. இரண்டே நாள். வெயிலில் நின்ற வண்டியில் ஓரமெல்லாம் சுருங்கி, வெற்றிலை காய்ந்த மாதிரி எழும்பி நின்றது. நேராக இருக்கவேண்டிய நெசவுக்கோடு, இழுத்த இடத்தில் ஆற்று வெள்ளம் மாதிரி வளைந்து கிடந்தது. அடியில் உரிந்த பூச்சின் விளிம்பு, மெத்தைக்குக் கீழே மடிந்த பாய் போல மேடு மேடாகத் தெரிந்தது.

அவர் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் கூடத் தேவலை. எட்டு நாளில் மூன்று நாள் போய்விட்டது. 300 ரூபாயும் போய்விட்டது.

மாமியார் மட்டும், 'ஏனம்மிணி, ஆம்பளைங்க வேலையெல்லாம் உனக்கெதுக்கு?' என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்தத் தாளை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே தப்பு செய்தேன் என்று தையலைப் பிரித்துப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

மறுபடியும் கடைக்குப் போய் அந்தத் தம்பியிடமே கேட்டேன். பாவம், பொறுமையாகச் சொன்னான். மலிவுத் தாளைப் பிளாஸ்டிக் உருண்டையிலிருந்து உருளைகளுக்கு நடுவே அழுத்தித் தேய்த்துச் செய்வார்களாம். விலை கூடினதைக் கூழாக ஊற்றிப் பரப்பி, அப்படியே உலர்த்தி எடுப்பார்களாம். அவன் சொன்னது என் மூளையில் சட்டென்று ஏறியது. முதலாவது சப்பாத்தி, இரண்டாவது தோசை! சப்பாத்தியை நாம் எவ்வளவு தேய்த்தாலும், கட்டையை எடுத்ததும் கொஞ்சம் சுருங்கிக்கொள்ளும். தோசை ஊற்றின இடத்தில் ஊற்றின மாதிரியே கிடக்கும். மலிவுத் தாள் வெயில் பட்டதும் சுருங்கியது ஏன் என்று புரிந்துவிட்டது. இந்த முறை தோசைத் தாளையே பத்துச் சதுர அடி வாங்கினேன்.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் கார் இல்லாவிட்டாலும் கீறல் விழுந்த மர அலமாரி, பெயின்ட் போன ஃபிரிட்ஜ் கைப்பிடி எதற்கும் இது உதவும்.

முதலில், ஒட்டவேண்டிய பாகத்தைக் கழற்றிவிடவேண்டும். வண்டிச் சாவியை எடுத்துவிட்டு, பழைய பிளாஸ்டிக் கார்டை ஓரத்தில் செருகி மெல்ல நெம்பினால், உள்ளே இருக்கும் கிளிப்புகள் 'டக் டக்' என்று விடுபடும். இரும்பு ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் தழும்பு விழும். எனக்கு ஆறு கிளிப் உடைந்தது. ஒன்று பத்து ரூபாய்க்குக் கிடைத்தது. எங்கள் மெக்கானிக் அண்ணா ஒன்று சொல்லியிருந்தார்: 'எதைக் கழற்றினாலும் மஞ்சக் கலர் ஒயர் தெரிஞ்சுதுன்னா அதோட கையை எடுத்துடுங்க. ஸ்டீயரிங் பக்கமே போகாதீங்க.' ஏன் என்று அப்போது நான் கேட்கவில்லை. பிறகு தெரிந்தது, சொல்கிறேன்.

கழற்றின பாகத்தில் உரிந்துகொண்டிருக்கும் பூச்சைச் சுத்தமாக எடுத்துவிடவேண்டும். பெயின்ட் கடையில் 'வாட்டர் பேப்பர்' என்று கேட்டால் உப்புத்தாள் தருவார்கள். தண்ணீர் தொட்டு, முதலில் சொரசொரப்பானதிலும் பிறகு நைஸானதிலும் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் மேடு பள்ளம் தெரியாத அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு ஒரு கதவுப் பட்டைக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அலுப்பான வேலைதான். ஆனால் மாவு சரியாக அரைபடாமல் இட்லி பூப்போல வருமா?

அப்புறம் பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் கழுவி, உலர்த்தி, மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை நனைத்துத் துடைத்தேன். டேஷ்போர்டு மின்னுவதற்காக இவர் தடவும் பாலிஷ் இருக்கிறதே, அந்த எண்ணெய்ப்பசை கொஞ்சம் இருந்தாலும் பசை ஒட்டவே ஒட்டாது. முதல் தடவை நான் தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். இந்த ஆல்கஹால் சீக்கிரம் தீப்பிடிக்கும். அடுப்பு எரியும் சமையலறையில் வேண்டாம், வாசலில் வைத்துச் செய்யுங்கள். அது நன்றாகக் காய்ந்த பிறகுதான் டிரையரைத் தொடவேண்டும்.

தாளை வெட்டும்போது சுற்றிலும் ஒன்றரை அங்குலம் கூடுதலாக விட்டேன், துணிக்குத் தையல் மடிப்பு விடுவது போல. முக்கியமான விஷயம், நாலு கதவுக்கும் நெசவுச் சாய்வு ஒரே திசையில் வரவேண்டும். கோடு போட்ட துணியில் இடது கைக்கு ஒரு பக்கமும் வலது கைக்கு இன்னொரு பக்கமும் கோடு ஓடினால் ரவிக்கை எப்படி இருக்கும்? அதனால் எல்லாத் துண்டின் பின்பக்கத்திலும் பென்சிலால் அம்புக்குறி போட்டுக்கொண்டேன். இதை அந்தக் கடைத் தம்பி கூட எனக்குச் சொல்லவில்லை!

பழைய பிளாஸ்டிக் ஸ்கேலில் ரவிக்கைத் துண்டைச் சுற்றிக்கொண்டு, நடுவில் ஆரம்பித்து ஓரத்தை நோக்கி அழுத்திக்கொண்டே போனேன். காற்றுக் குமிழ் வந்தால் குத்தக்கூடாது. எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். சூடு கொஞ்சமாக, தாள் மெத்தென்று ஆகும் அளவுக்கு மட்டும். இழுப்பதற்குப் பதிலாக, படிய வைக்கவேண்டும். மூலையில் சுருக்கம் சேர்ந்தால் லேசாகச் சூடு காட்டித் தட்டையாகத் தடவிவிட்டால் அது தானே உள்வாங்கிக்கொள்கிறது. பின்பக்கம் மடிக்கும்போது வளைவில் சின்னச் சின்ன வெட்டு கொடுத்தேன். கழுத்துப் பட்டி திருப்பும்போது நாம் செய்வதேதான். சுவிட்ச் வரும் ஓட்டைகளை முதலிலேயே வெட்டாமல், ஒட்டி முடித்தபின் பிளேடால் குறுக்காக இரண்டு கோடு கீறி உள்பக்கம் மடக்கினேன். எல்லாம் முடிந்த பிறகு ஓரங்களுக்கும் மடிப்புகளுக்கும் மறுபடி ஒருமுறை நன்றாகச் சூடு காட்டவேண்டும். அப்போதுதான் தாள் தன் பழைய உருவத்தை மறந்து புது உருவத்தில் நிற்கும். இதைச் செய்யாமல் விட்டால் வெயிலில் எழும்பிக்கொள்ளும்.

இரவு ஒரு கதவு, மதியம் ஒரு கதவு என்று முடித்தேன். கியரைச் சுற்றியுள்ள பட்டையையும் முடித்துவிட்டேன். ஏழாவது நாள் மிஞ்சியிருந்தது டேஷ்போர்டில் இடது பக்கம், முன் சீட்டில் உட்காருபவருக்கு நேர் எதிரே இருக்கும் அகலமான பாகம். அங்கேதான் என் மாமியார் வைத்த மருதமலை முருகன் சிலை இருந்தது. வண்டி வாங்கிய அன்றே, டபுள் டேப் போட்டு அழுத்தி ஒட்டிய சிலை. அடியில் இருப்பதை ஒரு நாளும் யாரும் பார்த்தது கிடையாது.

கன்னத்தில் போட்டுக்கொண்டு, நூலால் டேப்பை அறுத்துச் சிலையை எடுத்தேன். அந்த இடத்தைத் துடைத்தேன். தாளையும் அளந்து வெட்டி, பின்தாளைப் பாதி உரித்து, கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டாவது படிக்கும் என் மகள் பின்னால் டிரையரைப் பிடித்திருந்தவள், 'அம்மா, இருங்க! அதுல என்னமோ எழுதியிருக்கு' என்றாள். பிளாஸ்டிக்கிலேயே மேடாக வார்த்த எழுத்து. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்.'

இவரைக் கேட்டேன். 'ஆமா, ரெண்டு பக்கமும் ஏர்பேக் இருக்கு. நம்ம வண்டி எங்க போய் மோதப்போகுது? ஒட்டு புள்ள, நேரமாச்சு' என்றார். எனக்கென்னவோ மனசு கேட்கவில்லை. அண்ணன் மகனுக்குப் போன் போட்டேன். அவன் பதறிவிட்டான். 'அத்தே, ஒட்டிடாதீங்க! சிலை அது மேலயா இருந்துது? இத்தனை வருஷமாவா?'

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். வண்டி பலமாக மோதினால், கண் இமைக்கும் நேரத்துக்குள் அந்த மூடிக்குள்ளிருந்து காற்றுப்பை வெடித்துக்கொண்டு வெளியே வரும். அது வருவதற்காக மூடியின் உட்புறத்தில், வெளியே தெரியாதபடி மெல்லிய கோடு ஒன்று போட்டிருப்பார்கள். மாத்திரை அட்டையில் ஒவ்வொரு மாத்திரையாகக் கிழிக்கப் புள்ளி புள்ளியாக ஓட்டை இருக்கும் அல்லவா, அது போல. அந்த ஓட்டை வரிசை மேல் டேப் ஒட்டிவிட்டால் நேராகக் கிழியுமா? அது போலத்தான், இழுத்தால் அறுந்துபோகாத தாளை இந்த மூடி மேல் ஒட்டினால், கிழிய வேண்டிய இடத்தில் கிழிய வேண்டிய வேகத்தில் கிழியாமல் போகலாம். சிலை விஷயம் இன்னும் மோசம். பை வெளியே வரும் வேகத்தில் அந்தச் சிலை கல்லை எறிந்த மாதிரி எதிரே இருப்பவர் முகத்துக்கே வரும். ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் மூடிக்கும் இதே கதைதான். மஞ்சள் ஒயர் பற்றி மெக்கானிக் அண்ணா சொன்னதும் இதற்காகத்தான். ஏர்பேக்குக்குப் போகும் ஒயரின் அடையாளம் அது.

இடது பக்க முன் சீட்டில் உட்காருவது யார்? திருப்பூரில் என் அம்மா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் என் மகள்தான் ஓடிப்போய் முதலில் ஏறிக்கொள்வாள். அவள் சின்னவளாக இருந்தபோது நான் அவளை மடியில் வைத்துக்கொண்டு அதே சீட்டில் எத்தனை முறை உட்கார்ந்து போயிருக்கிறேன்! மடியில் இருக்கும் குழந்தைக்கு அந்தப் பையே எமன் ஆகிவிடும் என்று அவன் சொன்னபோது எனக்குக் கை நடுங்கியது. சின்னக் குழந்தை எப்போதும் பின் சீட்டில்தான் இருக்க வேண்டுமாம். பெரியவர்கள் கூட பெல்ட் போட்டிருந்தால்தான் பையால் நன்மை. நம் நாட்டில் ஓட்டுநர் பக்கத்துக்கு 2019 ஜூலை 1 முதலும், புதிய மாடல் கார்களில் பக்கத்தில் உட்காருபவருக்கு 2021 ஏப்ரல் 1 முதலும் ஏர்பேக் கட்டாயம் என்று ஆக்கினார்கள். ஆகவே சமீபத்தில் வாங்கிய கார் உங்கள் வீட்டில் இருந்தால், அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று இன்றே பார்த்துவிடுங்கள். இந்த வேலையைச் செய்து காட்டும் வீடியோக்கள் இரண்டு மூன்று பார்த்தேன். ஒன்றிலும் இதைச் சொல்லவில்லை.

தாளைச் சுருட்டி வைத்துவிட்டேன். ஆனால் சிலையை மீண்டும் வைக்கவேண்டாம் என்று மாமியாரிடம் சொல்வது எப்படி?

'சாமியை எடுக்கறதா? அவருதான் இத்தனை வருஷம் காப்பாத்திட்டு வர்றாரு' என்று கோபித்துக்கொண்டார். இவரும் அம்மா பக்கம். நான் வாக்குவாதம் செய்யவில்லை. 'அத்தே, காப்பாத்தணும்னுதான வெச்சீங்க. மோதினா அவரே வந்து உங்க பேத்தி மூஞ்சில அடிக்கிற மாதிரி நாம உட்கார வெச்சிருக்கறோமுங்க' என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் பேசாமல் உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் விளக்கு வைத்த பிறகு அவரே சிலையைக் கழுவி, திருநீறு பூசி, பூஜை மாடத்தில் வைத்தார். மருதமலையில் வாங்கிய சின்ன அட்டைப்படம் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்து, 'இது எங்க இருந்தாப் பரவால்ல?' என்று கேட்டார். கியருக்கு முன்னால் சில்லறை போடும் பள்ளத்தில் வைத்தோம். டேஷ்போர்டின் இடது பக்கம் பழையபடி வெறும் கறுப்பாகவே இருக்கிறது. பார்க்கப் பார்க்க எனக்கு அதுதான் அழகாகத் தெரிகிறது.

இன்னொரு சின்ன விஷயம். மினுமினுப்பான தாளை டேஷ்போர்டின் மேல்பரப்பில், கண்ணாடிக்கு அடியில் ஒட்டக்கூடாது. வெயிலில் அதன் நிழல் முன் கண்ணாடியில் விழுந்து ஓட்டுபவர் கண்ணை மறைக்கும். 'எஃப்.சி. காட்டும்போது கேட்பாங்களோ?' என்று இவருக்கு ஒரு பயம் இருந்தது. வண்டியின் வெளிக் கலரை மாற்றினால்தான் ஆர்.சி.யில் பதியவேண்டும், உள்ளே ஒட்டுவதற்கு அப்படி ஒன்றும் கிடையாது என்று மெக்கானிக் அண்ணா சொன்ன பிறகுதான் நிம்மதியானார்.

மொத்தச் செலவு, வீணாய்ப்போன 300-ஐயும் சேர்த்து, 1,400 ரூபாய். நல்ல தாளுக்கு 900, கிளிப்புக்கு 60, ஆல்கஹாலுக்கு 60, பிளேடுக்கும் உப்புத்தாளுக்கும் 80.

எட்டாவது நாள் அந்த டிராவல்ஸ்காரர் வந்து பார்த்தார். கதவுப் பட்டையை நகத்தால் சுரண்டிக்கூடப் பார்த்தார். வரவில்லை! 'எந்தக் கடையில குடுத்தீங்க?' என்று கேட்டார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, 'வீட்டுலதானுங்க. சம்சாரம் பண்ணுனது' என்றார். அந்த வேலை கிடைத்துவிட்டது. இப்போது இரவு பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வருகிறார். அது வேறு கவலை, அதை இன்னொரு கடிதத்தில் எழுதுகிறேன்.

பின் வலது கதவில் ஒரு மூலை மட்டும் லேசாக எழும்பியிருக்கிறது. பின்பக்க மடிப்பை அங்கே கால் அங்குலமாகக் குறைத்துவிட்டேன், அதனால்தான். அரை அங்குலத்துக்குக் குறையாமல் விடுங்கள். மிச்சத் தாளில் மகளின் ஜாமெட்ரி பாக்ஸுக்கு ஒட்டிக் கொடுத்தேன். அவள் தோழிகள் நாலு பேர் பாக்ஸைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை இவருடைய நண்பர் ஒருவர் தன் காரையே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். 'தங்கச்சி, கூலி என்னன்னு சொல்லிப்போடுங்க' என்றார். கூலி அப்புறம் பேசலாம், முதலில் இடது பக்கம் அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள் என்றேன். எட்டிப் பார்த்தேன். அங்கே ஒரு பெரிய பிள்ளையார், அழுத்தி ஒட்டிய மேடை மேல், அன்றைய மல்லிகைச் சரத்தோடு உட்கார்ந்திருந்தார்!

— ஒரு வாசகி, கோவை.